கல்லுக்குப் பெயர் இருக்கிறது, செய்தவருக்கு?

நகை டிசைனர் ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது எங்கே படிக்கலாம் என்பதுதான். பாங்காக்கில் ஜிஐஏ என்கிற ரத்தினக்கல் படிப்பு நிறுவனம் இருக்கிறதே அங்கே போகலாமா, ஹாங்காங் போகலாமா, சென்னையில் குறுகிய காலக் கோர்ஸ் ஏதோ இருக்கிறதாமே அது போதுமா. என் அக்கா மகளும் போனில் இதையேதான் கேட்டாள். "மாமா, நான் கம்ப்யூட்டர்ல நல்லா வரைவேன், பட்டறையில எல்லாம் உட்கார வேண்டாம்தானே?" அவளுக்குப் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது, கரண்ட் போய் வைஃபையும் போய்விட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவளைப் போல இன்னும் நாலு பேர் ரங்கூனிலும் மோல்மேனிலும் இருப்பார்கள்.

நாங்கள் பொன்வேலைக் குடும்பம். தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அந்தக் காலத்து முகல் தெருவில், இப்போது ஷ்வே போந்தா தெரு என்கிறோமே அங்கேதான், ஒரு நகைக்கடையின் பின்கட்டில் உட்கார்ந்து வேலை செய்தார். 1964-ல் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து, கடைகளும் அரசுடைமையாகி, லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊரைவிட்டுப் போனபோது அவர் போகவில்லை. வாடிக்கைக்காரர்கள் கொடுத்த தங்கம் பாதி வேலையில் பட்டறையில் கிடக்கிறது, அதை முடித்துக் கொடுக்காமல் எப்படிக் கிளம்புவது என்றாராம். அதை முடிப்பதற்குள் அடுத்த வேலை வந்துவிட்டது. அப்படியே அப்பா, சித்தப்பா, இப்போது நான். நான் கல் பதிக்கிறேன், டிசைனும் போடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிசைனர் என்றால் யார் என்று என்னைக் கேட்டால் நான் சொல்லும் பெயர் ஹாங்காங்கின் வாலஸ் சான். உலகத்தில் விலை உயர்ந்த நகை செய்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இவரைச் சொல்வதற்குக் காரணம் இவர் நம்மைப் போலப் பட்டறையிலிருந்து வந்தவர் என்பதுதான். 1956-ல் சீனாவின் ஃபுஜோவில் பிறந்து ஐந்து வயதில் ஹாங்காங் வந்தார். வறுமை. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடம் நின்றது. 1973-ல், பதினாறு வயதில், ஒரு கல் செதுக்கும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார், அடுத்த வருடமே தனியாகச் சின்னதாக ஒரு பட்டறை போட்டுவிட்டார். ஐரோப்பியச் சிற்பங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசை, ஆனால் கப்பலுக்கும் விமானத்துக்கும் காசு ஏது? ஹாங்காங்கில் இருக்கும் கிறிஸ்தவக் கல்லறைகளுக்குப் போய், அங்கே நிற்கும் சலவைக்கல் தேவதைகளை உற்று உற்றுப் பார்த்து, உடலமைப்பும் துணி மடிப்பும் எப்படிச் செதுக்குவது என்று கற்றுக்கொண்டார்.

இதைப் படித்தபோது எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது. அவருக்கு ஊரில் தெரிந்தது மாங்காயும் மயிலும் அன்னமும். இங்கே வந்தபின் பர்மியப் பெண்கள் கேட்டது வேறு. கனோக் என்கிற அந்தக் கொடி வேலைப்பாட்டை அவர் யாரிடமும் படிக்கவில்லை, மடாலயங்களின் தேக்குக் கதவுகளுக்கு முன்னால் நின்று விரலால் கொடியின் போக்கைத் தடவித் தடவியே பழகினார் என்று அப்பா சொல்வார். கொடி எந்த இடத்தில் கிளை பிரிகிறது, இலை எங்கே திரும்புகிறது, எங்கே வெற்றிடம் விட வேண்டும் என்பதெல்லாம் கைக்கு வந்துவிட்டால் தங்கத்தில் வருவது பெரிய காரியமில்லை.

வாலஸ் சானின் வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் 1987. போட்டோ எடுக்கிறவர்கள் ஒரே ஃபிலிமில் இரண்டு மூன்று முறை பதித்து ஒரு முகத்தைப் பல முகமாகக் காட்டுவார்கள் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு இதையே ஏன் ஒரு கல்லுக்குள் செய்யக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தெளிவான ஒரு கல்லின் பின்பக்கத்தில் ஒரே ஒரு முகத்தைக் குடைய வேண்டும், கல்லின் பட்டைகளை அந்த முகம் சுற்றிலும் பிரதிபலிக்கிற மாதிரி தீட்ட வேண்டும், முன்னாலிருந்து பார்த்தால் ஐந்து முகம் தெரிய வேண்டும். கேட்க எளிது. பின்னாலிருந்து குடைவதால் எல்லாமே தலைகீழ். இடது வலதாகும், பள்ளமாகக் குடைந்தது முன்னால் மேடாகத் தெரியும், அதாவது மூக்கு எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் மூக்கைத்தான் மிக ஆழமாகத் தோண்ட வேண்டும். அந்த நுணுக்கத்துக்கு அன்று கடையில் கிடைத்த எந்தக் கருவியும் போதவில்லை. பல் மருத்துவர் வைத்திருக்கும் துளைகருவியை வாங்கித் தானே மாற்றி அமைத்தார். அது சுற்றும் வேகத்தில் உண்டாகும் சூட்டுக்குக் கல் தாங்காது, விரிசல் விடும். அதனால் கல்லைத் தண்ணீருக்குள் வைத்துக் குடைந்தார். தண்ணீருக்குள் வேலை செய்தால் என்ன ஆகும், குடைவது கண்ணுக்குத் தெரியாது. ஒரு கீறல் போடு, வெளியே எடு, துடை, பார், திரும்ப உள்ளே வை, அடுத்த கீறல். இப்படியே ஒரு முழு முகம். இன்று உலகம் அதை வாலஸ் கட் என்கிறது.

இதை எழுதும்போதே என் கை கூசுகிறது. கல் பதிக்கிற எவருக்கும் கூசும். ஒரு தடவை கருவி நழுவினால் மாதக்கணக்கான உழைப்பு போச்சு. ஆனால் நான் அக்கா மகளுக்குச் சொல்ல வந்தது பொறுமையைப் பற்றி இல்லை. அந்த யோசனை ஒரு டிசைனரின் யோசனை, அதைச் சாத்தியமாக்கியது ஒரு பட்டறைக்காரனின் கை. கருவி போதவில்லை என்றால் கருவியை மாற்று, சூடு ஏறினால் தண்ணீரில் வை என்று யோசிக்க அந்தச் சூட்டை விரலில் உணர்ந்திருக்க வேண்டும். காகிதத்தில் மட்டும் வரைகிறவருக்கு இது முடியாது என்று வேறொருவர் சொல்லிவிட்டால் அதோடு கதை முடிந்தது, ஏனென்றால் அது உண்மையிலேயே முடியாததா இல்லை சொன்னவருக்குச் சோம்பலா என்று கண்டுபிடிக்க அவரிடம் வழியில்லை.

கல்லைத் தெரிந்துகொள்வது என்றால் என்ன என்பதைச் சித்தப்பாவிடம்தான் பார்த்தேன். காரைக்குடி பக்கம் பூர்வீகமாகக் கொண்ட ஒரு அம்மா, பாட்டி காலத்துச் சிவப்புக்கல் தோடு ஒரு ஜோடியைக் கொண்டுவந்து, மூடு கட்டாக இருக்கிறது, இப்போது எல்லோரும் போடுவதுபோலப் பின்பக்கம் திறந்த கட்டாக மாற்றித் தாருங்கள் என்றார். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா சிவப்பு என்று சொல்லிப் பெட்டியில் வைத்திருப்பார்களே, அந்த ரகம். சித்தப்பா செய்கூலி எதுவும் பேசவில்லை. தோட்டை லேசாகச் சூடு காட்டி, கல்லைச் சுற்றி அழுத்தியிருந்த சொக்கத் தங்கத்தை ஊசி முனையால் கிளப்பி, ஒரே ஒரு கல்லை மட்டும் வெளியே எடுத்தார். கூட்டுக்குள் பழைய அரக்கு, அதன்மேல் நகக்கண் அளவுக்கு ஒரு சிவப்புத் தகடு, சுருங்கி ஓரம் கறுத்துப்போய் இருந்தது. கல்லைத் துடைத்து ஜன்னலோரம் வெள்ளைத்தாளில் வைத்தார். தோட்டில் ரத்தச் சிவப்பாக இருந்த கல் தாளில் ரோஸ் நிறமாக இருந்தது. அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "ஏமாத்திட்டாங்களா தம்பி?" என்று கேட்டார். "இல்லம்மா, அந்தக் காலத்து ஆசாரி கல்லுக்கு என்ன வேணுமோ அதைக் கொடுத்திருக்கான். திறந்து கட்டுனா இந்த நிறம்தான் நிக்கும். உங்களுக்குச் சம்மதமான்னு பாத்துக்கிட்டு அப்புறம் மத்த கல்லைத் தொடறேன்" என்றார் சித்தப்பா. அவர் யோசித்துவிட்டுப் பழையபடியே கட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

அந்தச் சிவப்புத் தகட்டை வெட்டி வைத்தவர் யாரோ, அவர்தான் டிசைனர். கல்லுக்குள் வெளிச்சம் எப்படிப் போய் எப்படித் திரும்புகிறது என்று தெரிந்து, மங்கலான கல்லைப் பேச வைத்தவர்.

வட பர்மாவின் மோகோக்கில் கிடைக்கும் கெம்பில் நல்ல கல் இன்னொரு விதம். அது சுண்ணப்பாறை உருமாறிய சலவைக்கல் பாறையில் விளைவது, அந்தப் பாறையில் இரும்பு மிகக் குறைவு. கெம்புக்குச் சிவப்பைக் கொடுப்பது குரோமியம். இரும்பு குறுக்கே வராததால், வெயிலில் இருக்கும் புற ஊதாக்கதிர் பட்டதும் கல் தானே உள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் விடுகிறது. நிறம் மட்டும் இல்லை, ஒரு கனல். அதனால்தான் நம் ஊர் வியாபாரிகள் கெம்பு பார்க்கும்போது கடை விளக்கை நம்பாமல் வாசலுக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். இரும்பு அதிகமுள்ள பாறையில் விளைந்த கெம்புகளில் இந்தக் கனல் குறைவாக இருக்கும். இது தெரிந்தவர் மோகோக் கல்லைச் சுற்றி வெளிச்சம் நுழைய இடம்விட்டு டிசைன் போடுவார். தெரியாதவர் கல்லைச் சுற்றி வைரத்தைக் கொட்டி மூடிவிடுவார், விலை ஏறும், கல் செத்துப்போகும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லும்போது ரங்கூனின் ஷ்வேடகோன் பகோடாவைச் சொல்லாமல் விட முடியாது. உச்சியில் குடைக்கும் மேலே இருக்கிற வைர மொட்டின் முனையில் 76 காரட் வைரம் ஒன்று இருக்கிறது. சாயங்காலம் விளக்கு போட்டபின் கீழே பிரகாரத்தில் குறிப்பிட்ட இடங்களில் நின்று பார்த்தால் அது ஒரு இடத்தில் பச்சையாகவும், நாலு அடி தள்ளினால் ஆரஞ்சாகவும், இன்னும் தள்ளினால் நீலமாகவும் மின்னும். ரங்கூன்காரர்கள் வெளியூர் விருந்தாளிகளைக் கூட்டிப்போய் நிறுத்திக் காட்டுவது வழக்கம், நாங்களும் அப்படித்தான். அவ்வளவு உயரத்தில் இருக்கும் ஒரு கல் தரையில் நிற்கிறவரின் கண்ணுக்கு நிறம் நிறமாக வருகிறது என்றால், அதைத் தீட்டியவருக்கும் அந்தக் கோணத்தில் நிறுத்திக் கட்டியவருக்கும் என் வணக்கம்.

வாலஸ் சானுக்கு வருகிறேன். 2001 வாக்கில், நல்ல பெயர் வந்தபிறகு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆறு மாதம் பிக்குவாகப் போனார். வேறு நாட்டுக்காரர்களுக்கு இது பெரிய அதிசயமாகத் தெரியலாம், பர்மாவில் இருக்கிற நமக்கு இதில் அதிசயமில்லை. இங்கே பௌத்த ஆண்கள் பெரும்பாலும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது காவி கட்டிக் கொஞ்ச நாள் மடாலயத்தில் இருந்துவிட்டு வருவார்கள், திங்யான் என்கிற பர்மியப் புத்தாண்டு விடுமுறையில் நம் பையன்கள் சிலர்கூடப் பர்மிய நண்பர்களோடு சேர்ந்து போவதுண்டு. ஆனால் அவர் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டுப் போனவர். திரும்பி வந்தபோது விலையுயர்ந்த கல் வாங்கக் கையில் காசில்லை. செம்பு, எஃகு என்று மலிவான உலோகங்களில் சிற்பம் செய்தார். அந்தப் பாதையில்தான் டைட்டானியத்தை உறுதியாகப் பிடித்துக்கொண்டார். இதயத்துக்குள் வைக்கும் பேஸ்மேக்கர் கருவியில் டைட்டானியம் இருக்கிறது, உடம்பு அதை ஒதுக்குவதில்லை என்று படித்ததுதான் பொறி.

தங்கம் 1,064 டிகிரியில் உருகும், நம் ஊதுகுழலுக்கு அடங்கும். டைட்டானியத்துக்கு 1,668 டிகிரி வேண்டும், அதுவும் சூடான நிலையில் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். வளைத்தால் திமிறிக்கொண்டு பழைய நிலைக்குப் போகப் பார்க்கும். தங்கம் மாதிரி கல்லின்மேல் சாதுவாக மடங்காது. வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டி, 2007-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகைக் கண்காட்சியில் டைட்டானிய நகைகளைக் கொண்டுபோய் வைத்தார். எதற்கு இவ்வளவு பாடு? எடைக்காக. தங்கத்தின் அடர்த்தி 19.3, டைட்டானியம் 4.5. உள்ளங்கை அளவு பட்டாம்பூச்சி ப்ரூச்சைத் தங்கத்தில் செய்தால் சேலையைக் கிழித்துக்கொண்டு தொங்கும், டைட்டானியத்தில் அது நாலில் ஒரு பங்கு எடைதான். மின்சாரம் பாய்ச்சி மேலே படியும் ஆக்ஸைடு படலத்தின் தடிமனை மாற்றினால் நீலம், ஊதா, பச்சை என்று உலோகமே நிறம் மாறும், மினா பூச வேண்டியதில்லை.

இங்கே நான் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். எடைப் பிரச்சினையை நம்மவர்கள் எப்போதோ தீர்த்திருக்கிறார்கள். தென்மாவட்டங்களில் பாட்டிகள் காதில் போட்டிருந்த பாம்படம், தண்டட்டி எல்லாம் பார்ப்பதற்கு கனத்த தங்கக் கட்டியாகத் தெரியும். உள்ளே அரக்கு. மெல்லிய தகட்டைக் கோளமாகவும் சதுரமாகவும் அடித்து, ஓரம் பற்றவைத்து, உள்ளே அரக்கு நிரப்பி நசுங்காமல் நிற்க வைத்தார்கள். உருவம் பெரிதாக வேண்டும், தங்கம் குறைவாக வேண்டும், விழுந்தாலும் நசுங்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒன்றாகத் தீர்த்ததற்குப் பெயர் டிசைன் இல்லாமல் வேறென்ன? இப்போதைய வடிவமைப்புப் பாடப்புத்தகம் எதிலாவது பாம்படம் செய்த ஒரு பத்தரின் பெயர் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

பெயர் விஷயத்தைத்தான் நான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன். 2015 மே மாதம் ஜெனீவாவில் சோதபீஸ் ஏலத்தில் 25.59 காரட் மோகோக் கெம்பு ஒன்று மூன்று கோடி டாலருக்கு மேல் போனது. கார்டியே என்கிற பிரெஞ்சு நகை நிறுவனத்தின் மோதிரம். அந்தக் கல்லுக்கு சன்ரைஸ் ரூபி என்று பெயர் இருக்கிறது, நிறுவனத்துக்குப் பெயர் இருக்கிறது, ஏலக்கடைக்குப் பெயர் இருக்கிறது. மண்ணிலிருந்து எடுத்தவர், பட்டை தீட்டியவர், மோதிரத்தில் உட்கார வைத்தவர், யாருடைய பெயரும் செய்தியில் இல்லை. நகைத் தொழில் அன்றிலிருந்து இன்றுவரை இப்படித்தான் நடக்கிறது. பாரிஸில் சுசான் பெல்பெரோன் என்றொரு பெண்மணி இருந்தார், 1900-ல் பிறந்து 1983-ல் மறைந்தவர், அவர் தன் நகைகளில் கையெழுத்தே போடவில்லை, என் பாணியே என் கையெழுத்து என்றார். அவருடைய நம்பிக்கை எனக்குப் பிடிக்கும். ஆனால் அது எல்லோருக்கும் வாய்க்காது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் போட்ட தாழம்பூ அட்டிகை டிசைன் ஒன்று, வரைந்து, மெழுகில் செதுக்கி, கல் பதித்துக் கொடுத்தது, இந்த ஊரில் ஒரு கடையின் காலண்டரில் வேறொருவர் பெயரில் வந்தது. கேட்டதற்கு, செய்கூலி கொடுத்துவிட்டோமே என்றார்கள். கூலி கொடுத்தது உண்மைதான். கூலியோடு பெயரும் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை.

வாலஸ் சானிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். 2015-ல் அவர் செய்த பெரிய அட்டிகை ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கல்லினன் சுரங்கத்தில் கிடைத்த 507 காரட் பட்டை தீட்டாத வைரத்திலிருந்து வெட்டிய 24 வைரங்கள், நடுவில் 104 காரட் வைரம் ஒன்று, சுற்றிலும் பதினோராயிரத்துக்கு மேல் சின்ன வைரங்கள், பச்சை ஜேடும் வெள்ளை ஜேடும். 47,000 மணி நேர வேலை என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரு மனிதன் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் பதினாறு வருடம். ஒருவரால் ஆகிற காரியமா? அவருக்குப் பின்னால் ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழுவில் இருப்பவர்களின் பெயர் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனாலும் அவர் அந்த வேலையில் ஒவ்வொன்றையும் கையால் செய்து பார்த்தவர் என்பதால் அவர்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. 2012-ல் பாரிஸின் பியன்னால் என்கிற பெரிய கலைப்பொருள் கண்காட்சிக்கு அழைக்கப்பட்டபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது, 2019-ல் பிரிட்டிஷ் மியூசியம் அவருடைய ஒரு தோள் ப்ரூச்சைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது அறுபதைத் தாண்டியாகிவிட்டது. கல்லில் கை வைத்தது பதினாறில்.

எல்லோரும் பட்டறையிலிருந்துதான் வந்தார்கள் என்று சொன்னால் அது பொய். ஜார் (JAR) என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் உலகம் அறிந்த ஜோயல் ஆர்தர் ரோசந்தால் நியூயார்க்கில் பிறந்து ஹார்வர்டில் படித்தவர், பாரிஸில் முதலில் நடத்தியது துணியில் தையல் ஓவியம் போடும் கடை. 1970-களின் கடைசியில் பாரிஸின் பெரிய நகைக்கடைகள் இருக்கும் பிளாஸ் வாண்டோம் சதுக்கத்தில் நகை செய்ய ஆரம்பித்தார், விளம்பரம் கிடையாது, ஷோரூம் ஜன்னலில் நகை கிடையாது, வேண்டாதவருக்கு விற்கவும் மாட்டார். 2013-ல் நியூயார்க் மெட் மியூசியம் அவர் நகைகளுக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. அவர் நகையைப் படத்தில் பார்த்தாலே தெரியும், நிறத்தை அவர் நூல்காரர் கண்ணோடு பார்க்கிறார், ஒரு இதழுக்குள் இளம் ரோஸிலிருந்து அடர் ரோஸுக்குப் போக இடையில் எத்தனை சாயல் வேண்டுமோ அத்தனைக்கும் தனித்தனியாகக் கல் தேடிப் பதிக்க வைக்கிறார். ஊதுகுழல் பிடிக்காத குறை அங்கே தெரியவில்லை, ஏனென்றால் அவர் வேறொரு கைவேலையில் ஊறி வந்தவர். அதனால் அக்கா மகளுக்கு என் பதில், கைவேலை ஏதாவது ஒன்று வேண்டும். உனக்கு வீட்டிலேயே பட்டறை இருக்கிறது, அதை விட்டுவிட்டு எங்கே தேடப் போகிறாய்?

கம்ப்யூட்டரில் வரைவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே இப்போது பாதி வேலையை அதில்தான் செய்கிறேன், மெழுகு மாதிரியை மெஷினே அச்சடித்துத் தருகிறது, கரண்ட் இருந்தால். ஆனால் திரையில் எடை இல்லை. அவள் அனுப்பிய ப்ரூச் டிசைன் அழகாக இருந்தது, பின்னால் ஊசியைச் சரியாக நட்டநடுவில் வைத்திருந்தாள். நடுவில் வைத்தால் மேல்பாதி முன்னால் சாய்ந்து கவிழும், ஊசி நடுவுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். ஒரு தடவை செய்து ஒரு பெண்ணின் சேலையில் குத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தோடும் அப்படித்தான், காதில் போட்டால் முன்னால் குனியாமல் இருக்கத் திருகாணித் தண்டு எங்கே வர வேண்டும் என்பது தோட்டின் முகத்தைவிட முக்கியம். அப்புறம் நகையின் பின்பக்கம். வாங்குகிறவர் பார்க்க மாட்டார் என்று நினைத்து அரம்கூடப் போடாமல் விடுகிறார்கள். உடம்பில் படுவது அந்தப் பக்கம்தான். நான் எந்த நகையைப் பார்த்தாலும் முதலில் திருப்பித்தான் பார்ப்பேன், செய்தவர் யார் என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.

இன்னொன்றும் அவளுக்குச் சொல்ல வேண்டும், இது சுலபமாகச் சொல்லக் கூடியதில்லை. நல்ல பச்சை ஜேடு என்றால் உலகம் நம் கச்சின் மலையைத்தான் பார்க்கிறது. வாலஸ் சான் ஜேடுக்குள் வெளிச்சத்தைக் கூட்டும் முறைக்குக் காப்புரிமையே வாங்கியவர். அந்தக் கல் வருகிற பாக்காந்தில் 2020 ஜூலை 2-ம் தேதி மண்மேடு சரிந்து 170 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் கம்பெனிகள் கொட்டிவிட்டுப் போன கழிவு மண்ணைக் கையால் கிளறிக் கல் தேடும் யேமஸே பையன்கள். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் போனவர்கள். 2017 டிசம்பரில் கார்டியே நிறுவனம் இந்த நாட்டுக் கற்களை இனி வாங்குவதில்லை என்று அறிவித்தது. அதனால் இங்கே ஒழுங்காகத் தொழில் செய்த சின்ன வியாபாரிகளும் அடிபட்டார்கள், அதையும் என் கண்ணால் பார்த்தேன். இதற்கு ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகாது. நான் செய்வது இவ்வளவுதான், கல்லை யாரிடமிருந்து வாங்கினேன், அவர் எங்கிருந்து வாங்கினார் என்று கேட்டு நோட்டில் எழுதுகிறேன், பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்குவதில்லை. டிசைனர் என்று பெயர் போட்டுக்கொள்கிறவருக்கு இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க இடமில்லை, ஏனென்றால் எந்தக் கல் வேண்டும் என்று சொல்வது அவர்தான்.

அவள் மழைக்காலம் முடிந்ததும் வருகிறேன் என்றிருக்கிறாள். காலையில் பட்டறை, மதியம் அவள் கம்ப்யூட்டர் என்று பேசி வைத்திருக்கிறோம். முதலில் வெள்ளிக் கம்பி இழுக்கவும் வெண்காரம் போட்டுப் பற்றவைக்கவும் பழகட்டும், பாங்காக் அதற்கப்புறம் எங்கேயும் ஓடிப்போகாது. அங்கே போய்க் கல்லின் விஞ்ஞானத்தைப் படித்துவிட்டு வந்தால் எனக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு உதவி. ரங்கூன், மோல்மேன், பெகு, தாட்டோன், மண்டலே, இல்லை இங்கிருந்து கிளம்பிப்போய் பர்மா காலனி என்ற பெயரில் தமிழ்நாட்டில் எங்கே இருந்தாலும் சரி, உங்கள் வீட்டில் பர்மாவில் செய்த பழைய நகை இருந்தால் வெயிலில் வைத்து முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்புங்கள். எடையோ விலையோ எனக்கு வேண்டாம், நகை எங்கே இருக்கிறது என்றும் சொல்ல வேண்டாம். அதைச் செய்த பத்தர் யார், எந்தத் தெருவில் உட்கார்ந்திருந்தார் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருந்தால் அதை மட்டும் எழுதுங்கள். முகல் தெருவில் வேலை செய்தவர்களின் பெயர்களை அப்பா சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன், அவருக்கு ஞாபகம் இருப்பதற்குள் முடிக்கப் பார்க்கிறேன். எனக்குக் கீழே செய்தி அனுப்பினால் போதும், அப்பாவிடம் காட்டிக் கேட்டுப் பதில் போடுகிறேன்.